குளுவாங் ஏரோப்பிளேன் பாடாங்: தாத்தா சொன்ன இரண்டு கதையும் நிஜம்தான்

எனக்கு எழுதிய தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தாத்தா மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பேரப்பிள்ளைகளிடம் இரண்டு கதை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று: “சண்டைக்கு முந்தி நம்ம பாடாங்குல வெள்ளைக்காரப் பசங்க ஏரோப்பிளேன் ஓட்டப் பழகுனாங்க.” இன்னொன்று: “ஜப்பான்காரன் வந்த புதுசுல ஒருநாள் காலையில சோல்ஜருங்க முதுகுலயும் மாருலயும் மூட்டையக் கட்டிக்கிட்டு ஏரோப்பிளேன்ல ஏறுனாங்க. பொழுது சாயறதுக்குள்ள ஏரோப்பிளேன் திரும்பிடுச்சு. ஆள் ஒருத்தன்கூடத் திரும்பல.” இரண்டும் உண்மையா, இல்லை கள்ளுக்கடைக் கதையா என்று கேட்கிறார்.

தம்பி, தாத்தாவைச் சந்தேகப்படாதீர்கள். இரண்டுமே நடந்தவை. அதுவும் இரண்டாம் உலகப் போர்ச் சமயம், இரண்டு மூன்று மாத இடைவெளியில், ஒரே விமானத் திடலில். பாடாங் என்று தாத்தா சொன்னது அதைத்தான்.

நான் மெங்கிபோல் பக்கம் பிறந்தவன். அப்பா தோட்ட ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிறகு நான் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகி, ஓய்வும் பெற்றாயிற்று. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கிழவர்களிடம் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால், பின்னாளில் போர் ஆவணங்களைப் படிக்கும்போதெல்லாம் ‘குளுவாங்’ என்ற பெயர் வந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்வேன். அந்த மடிப்புகளைத்தான் இங்கே பிரிக்கிறேன்.

முதல் கதை. குளுவாங்கில் இருந்தது ஊருக்கே தெரிந்த பெரிய பறப்புப் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு அவசர ஏற்பாடு. அவசரம் ஏன் வந்தது என்று புரிந்தால்தான் மற்றது புரியும்.

1939 டிசம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கும் சேர்ந்து விமானிகளைப் பயிற்றுவிக்க ஒரு திட்டம் போட்டன. அதன்படி ஒரு பையன் விமானியாக மூன்று படி ஏற வேண்டும். முதலில் டைகர் மோத் போன்ற சின்ன இரட்டை இறக்கை விமானம். அதில் தேறினால் கொஞ்சம் பெரியது, வேகமானது. அதை முடித்தால் சட்டையில் இறக்கைச் சின்னம் குத்துவார்கள். ஆனால் அந்தச் சின்னம் குத்தியவன் சண்டைக்குப் போக முடியாது. மூன்றாம் படி ஒன்று இருக்கிறது: செயல்முறைப் பயிற்சிப் பிரிவு. போரில் ஓட்டப்போகும் அதே ரக விமானத்தில், சுடவும் குண்டு போடவும் கூட்டமாகப் பறக்கவும் அங்கேதான் பழகுவான். லாரி லைசென்ஸ் எடுத்தவனை மறுநாளே பாரம் ஏற்றிய லாரியில் ஏற்றி மலைச்சரிவில் இறங்கச் சொல்ல முடியுமா? அது மாதிரி.

மலாயாவில் இல்லாமல்போனது இந்த மூன்றாம் படிதான். ஐரோப்பாவிலும் மத்தியக் கிழக்கிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. நல்ல விமானமும் கைதேர்ந்த ஆளும் அங்கே போய்விட்டார்கள். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் 336 விமானம் வேண்டும் என்று லண்டனில் கணக்குப் போட்டார்கள். சண்டை தொடங்கிய அன்று பறக்கத் தயாராக இருந்தவை 158. ஆள் விஷயமும் அப்படியே. நியூசிலாந்திலிருந்து பள்ளி முடித்த கையோடு கப்பலேறி வந்தவர்களை நேரே படைப்பிரிவுகளில் சேர்த்தார்கள். படைப்பிரிவே பள்ளிக்கூடமாக மாற வேண்டியிருந்தது. அது சரிவராமல் போனதால்தான் 1941-இல் குளுவாங்கில் ஒரு பயிற்சிப் பிரிவைத் தொடங்கினார்கள். அதற்கென்று புது விமானம் எதுவும் வரவில்லை. ஆஸ்திரேலியர்களிடம் மிஞ்சிய விர்ராவே விமானங்களையும், முதல் ரக பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களையும் வைத்து ஓட்டினார்கள்.

விர்ராவே என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மெல்பர்னில் கட்டியது. ஒரு அமெரிக்கப் பயிற்சி விமானத்தின் வடிவத்தை வாங்கி, அதில் துப்பாக்கியை மாட்டி, ‘பல வேலைக்கும் ஆகும்’ என்று படையில் சேர்த்தார்கள். முன்னும் பின்னுமாக இருவர் உட்காரலாம், மேலே கண்ணாடிக் கூண்டு. இழுத்துப் பிடித்தால் மணிக்கு 350 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் 21-ஆம் படைப்பிரிவு 1940-இல் சிங்கப்பூர் வந்தபோது கையில் கொண்டுவந்தது இதைத்தான். 1941-இல் அவர்களுக்கு பஃபலோ என்ற போர் விமானம் கொடுத்து சுங்கைப்பட்டாணிக்கு அனுப்பினார்கள். பஃபலோ என்றால் நம்ம எருமையேதான். பெயர் வைத்தவனுக்கு தீர்க்கதரிசனம். மலாயாவுக்கு வந்த 169 எருமைகளில் 20, எதிரியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, 1941-இல் பயிற்சி விபத்துகளில் போய்விட்டன.

அந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகக் கூடாது. விபத்துக்குக் காரணம் இருந்தது. நியூசிலாந்திலிருந்து வந்த பையன்களில் சிலர், சக்கரம் மடங்கும் விமானத்தை அதுவரை ஓட்டியதே கிடையாது. விமானத்தை இழுக்கும் விசிறியின் சாய்வை மாற்றும் வசதியும் இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும் இறக்கைமடலும் அவர்களுக்குப் புதிது. பழைய இரட்டை இறக்கை விமானத்தில் சக்கரம் எப்போதும் கீழேயே தொங்கும், விசிறி ஒரே சாய்வில் சுற்றும், மெதுவாக மிதந்து வந்து புல்லில் உட்காரும். புதிய விமானத்திலோ கைக்கு வேலை மும்மடங்கு. கிளம்பும்போது விசிறியின் சாய்வு லாரியின் முதல் கியர் மாதிரி இருக்க வேண்டும். மேலே போனதும் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் எஞ்சின் அலறும். இறங்கும்போது மடலை விட வேண்டும், சக்கரத்தை இறக்க வேண்டும். சக்கரத்தை மறந்தவன் வயிற்றால் உழுதுகொண்டு போவான்.

இதையெல்லாம் இருபது வயதுப் பையன் எங்கே பழகுகிறான்? ஊருக்குப் பக்கத்திலேயே 510 மீட்டர் உயரத்தில் குனுங் லம்பாக் நிற்கிறது. மீதிப் பக்கமெல்லாம் ரப்பர். மேலிருந்து பார்த்தால் எந்தத் தோட்டமும் ஒரே பச்சைதான். நிரை நிரையாக ஒரே மரம். ரயில் தண்டவாளம்தான் வழிகாட்டி. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஜொகூர் மழை எப்படிக் கொட்டும் என்று நமக்குத் தெரியும். அவனுக்கு யார் சொன்னது? காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து மரத்துக்குப் போகும் நேரத்தில் தலைக்கு மேலே ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும் விமானத்தை என் பாட்டியும் பார்த்திருக்கிறார். “வந்து உட்காரப் போற மாதிரி இறங்கும், உட்காராம மறுபடி ஏறிடும். ஏன்தான் இப்படி அலையுதோன்னு நினைப்போம்” என்பார். இறங்கிப் பழகும் பையன் பயந்து மறுபடி மேலே ஏறுவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார் என்பது எனக்கே முப்பது வருடம் கழித்துத்தான் உறைத்தது.

தோட்டத் துரைமாரும் விமானம் ஓட்டினார்களே என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், ஆனால் அது வேறு கதை. சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குப் பறப்புக் கிளப்புகளில் பொழுதுபோக்காக ஓட்டிய துரைமாரையும் வியாபாரிகளையும் வைத்து 1940-இல் மலாயா தொண்டர் விமானப்படை அமைத்தார்கள். அவர்கள் ஓட்டியது பெரும்பாலும் சின்ன விமானங்கள். குளுவாங் பயிற்சிப் பிரிவோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1941 டிசம்பர் 8. நள்ளிரவு தாண்டி ஒரு மணிகூட ஆகாத நேரத்தில் கோத்தாபாரு கடற்கரையில் ஜப்பானியர் இறங்கினார்கள். விடிவதற்கு முன் சிங்கப்பூரில் குண்டு. விடிந்ததும் கெடாவில் சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார் திடல்கள். சுங்கைப்பட்டாணியில் இருந்தவர்கள் அன்றே பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கினார்கள். வடக்கே ஒவ்வொரு திடலாக விழ விழ, குளுவாங்கில் பாடம் நடத்த யாருக்கு நேரம்? அங்கே பயிற்சிக்கு நின்ற ஏழு விர்ராவேக்களைச் சண்டைக்கு அனுப்பினார்கள். ஓட்டியவர்கள் பெரும்பாலும் நியூசிலாந்துக்காரர்கள், பின்னால் உட்கார்ந்த பார்வையாளர்கள் ஆஸ்திரேலியர்கள். ஜப்பானியத் தரைப்படைமீது தாழப் பறந்து தாக்கினார்கள், அங்கங்கே பலனும் கிடைத்தது. பழகக் கொடுத்த சைக்கிளிலேயே பந்தயத்துக்குப் போன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வந்த ஜப்பானியப் போர் விமானமான ஹயபூசாவின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர்.

ஒரு சின்னத் திருத்தம், இது என் பழைய ஆதங்கம். நம் ஊரில் ஜப்பான் விமானம் என்றாலே ‘ஜீரோ’ என்கிறார்கள். ஜீரோ கடற்படை விமானம். மலாயாவில் நம் தோட்டங்களின் மேல் பறந்தவற்றில் பெரும்பாலானவை ஜப்பானியத் தரைப்படையின் விமானங்கள்; அதில் பேர்போனது ஹயபூசா. அன்றைக்குப் பிரிட்டிஷ் விமானிகளே ஜீரோ என்றுதான் எழுதி வைத்தார்கள், ஆகவே யாரையும் குறை சொல்லவில்லை.

1942 ஜனவரி கடைசி வாரத்தில் குளுவாங் கைமாறியது. தாத்தா இந்த நாட்களைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. லயத்தை விட்டுக் காட்டுக்குள் ஓடியவர்கள்தான் அதிகம். பக்கத்து நியோரில் 24-ஆம் தேதி ஒரு சீக்கியப் படைப்பிரிவு துப்பாக்கியில் கத்தியைச் செருகிக்கொண்டு பாய்ந்து ஜப்பானியரைப் பின்தள்ளியது. பின்வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தரப்புப் படையிலேயே நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இருந்த சில சம்பவங்களில் அது ஒன்று. ஆனாலும் மறுநாள் குளுவாங்கை விட்டுத் தெற்கே இறங்கத்தான் உத்தரவு வந்தது. தண்டவாளத்தை ஒட்டியே ரெங்கம், லயாங்-லயாங் என்று நகர்ந்தார்கள். லயாங்-லயாங் பக்கத்தில் ஒரு ரயில் பாலத்தை அவசரப்பட்டு முன்கூட்டியே தகர்த்துவிட்டார்கள். நிலைமையைப் பார்க்கப் போன தளபதி பார்ஸ்டோ 28-ஆம் தேதி அங்கேயே மாண்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிய 22-ஆம் இந்தியப் பிரிகேட் தோட்டங்களுக்குள்ளும் காட்டுக்குள்ளும் வழி தேடி அலைந்து, பிப்ரவரி 1-ஆம் தேதி சரணடைந்தது. இன்றைக்கு ரயிலில் போகும்போது பெயர்ப்பலகையாகக் கடந்துபோகும் ஸ்டேஷன்கள் இவை.

இனி இரண்டாவது கதை. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

ஜப்பானியருக்குக் குளுவாங் திடல்மீது முன்பே கண் இருந்தது. ஜனவரி 26-ஆம் தேதி கிழக்குக் கரையில் எண்டாவில் அவர்களுடைய கப்பல்கள் வந்து நின்றன. ‘இன்னொரு படை இறங்குகிறது’ என்று பிரிட்டிஷார் பதறி, சிங்கப்பூரிலிருந்து பழைய இரட்டை இறக்கை வில்டிபீஸ்ட் விமானங்களைப் பட்டப்பகலில் அனுப்பினார்கள். முதல் தடவை போன 12-இல் 5 திரும்பவில்லை. அத்தனை உயிரைக் கொடுத்துத் தாக்கிய அந்தக் கப்பல்களில் முக்கியமாக வந்து இறங்கியது யார் தெரியுமா? விமானத் திடல் பராமரிக்கும் ஒரு படைப்பிரிவு. குளுவாங், அதற்குப் பக்கத்துக் கஹாங் இரண்டு திடலையும் சீக்கிரம் ஓட வைப்பதற்கான ஆட்களும் சரக்கும்.

ஏன் அத்தனை அவசரம்? சிங்கப்பூர்மீது குண்டு போட இங்கிருந்து கால்மணி, அரைமணிப் பறப்புதான். அது ஒரு காரணம். பெரிய காரணம் சுமத்ராவில் இருந்தது: பாலெம்பாங். பிளாஜுவிலும் சுங்கை கெரோங்கிலும் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். ஜப்பான் இந்தச் சண்டைக்கு வந்ததே எண்ணெய்க்காகத்தான் என்று சொன்னால் அதிகம் தப்பில்லை. கப்பலில் ஆற்று வழியாகப் போனால், போய்ச் சேர்வதற்குள் டச்சுக்காரர்கள் ஆலைகளைக் கொளுத்திவிடுவார்கள். ஆகவே வானத்திலிருந்து குதிப்பது என்று முடிவு செய்தார்கள். குளுவாங்கிலிருந்து பாலெம்பாங் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 580 கிலோமீட்டர். அன்றைய போக்குவரத்து விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம்.

1942 பிப்ரவரி 14, சனிக்கிழமை. குளுவாங், கஹாங் திடல்களிலிருந்து பாரசூட் படையினர் விமானம் ஏறினார்கள். முதுகில் பெரிய பாரசூட், நெஞ்சில் ஆபத்துக்கு உதவும் சின்னப் பாரசூட். தாத்தா சொன்ன மூட்டை அதுதான்! பாரசூட் என்ற பொருளையே அதற்கு முன் பார்த்திராத மனிதர் கண்ட காட்சியை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. விமானம் திரும்பியது, ஆள் திரும்பவில்லை என்பதும் சரி. அவர்கள் பாலெம்பாங்கில் குதித்துவிட்டார்கள். மறுநாள் இன்னொரு சிறு அணியும் குதித்தது.

லயத்தில் இதற்கு என்னென்ன விளக்கம் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் பக்கம் சொன்னது, ‘சொந்த ஆளையே கடலில் தள்ளிவிட்டு வந்தான்’ என்று. ஜப்பான்காரன் காலத்தில் பட்ட பாட்டுக்கு, அவன் எதையும் செய்வான் என்று நம்பியதில் வியப்பில்லை.

இன்னொரு விவரம். அந்தப் படையினர் குதித்தபோது பெரும்பாலோர் கையில் கைத்துப்பாக்கியும் எறிகுண்டும்தான். பெரிய துப்பாக்கிகளைத் தனிப் பெட்டிகளில் அடைத்து வேறு விமானங்களிலிருந்து போட்டார்கள். பெட்டி புதரில் ஒரு பக்கம், ஆள் சதுப்பில் ஒரு பக்கம். அப்படியும் பாலெம்பாங் திடலைப் பிடித்தார்கள். அவர்களை ஏற்றிப்போன விமானங்களில் ஒரு ரகம், பிரிட்டிஷார் வைத்திருந்த ஹட்சன் விமானத்துக்கு உடன்பிறப்பு. சண்டைக்கு முன்பு அமெரிக்க லாக்ஹீட் கம்பெனியின் வடிவத்தை ஜப்பானும் வாங்கி வைத்திருந்தது. கீழே இருந்தவர்களும் மேலே பறந்தவர்களும் ‘நம்ம விமானம்’ என்று ஒரு கணம் மயங்கிய சம்பவங்கள் அன்று உண்டு. 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அதே சமயம் பாலெம்பாங்கும் கை நழுவியது.

ஆக, பிரிட்டிஷார் பல மாதம் வைத்திருந்து விமானம் இறக்கப் பழகிக்கொண்டிருந்த திடலை, ஜப்பானியர் மூன்று வாரத்துக்குள் எண்ணெய் வயலுக்குத் தாவும் பலகையாக்கிக்கொண்டார்கள். பிரிட்டிஷார் சோம்பேறிகள், ஜப்பானியர் சூரர்கள் என்று நான் இதைப் படிக்கவில்லை. ஒருவர் கையில் பயிற்சி முடிந்த ஆள் இருந்தான். மற்றவர் கையில் பயிற்சி நிலையம் மட்டும் இருந்தது.

பிறகு நடந்தது தோட்டத்துக் கதை. துரைமார் போய்விட்டார்கள், பாலுக்கு விலை இல்லை, அரிசி இல்லை; மரவள்ளிக்கிழங்கும் ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டும்தான். ஆண்களைச் சயாம் (தாய்லாந்து) ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திடலில் குழி மூடவும் புல் வெட்டவும் போனவர்களை எங்கள் பாட்டி ‘தப்பித்த கூட்டம்’ என்பார். வேலை கடினம்தான், ஆனால் இராத்திரி லயத்துக்கு வந்துவிடலாம். உங்கள் தாத்தா அந்த விமானங்களை அத்தனை கிட்டத்தில் பார்த்திருக்கிறார் என்றால் அவரும் அந்த வேலைக்குப் போனவராக இருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

விமானம் ஓட்ட நம்மவர் யாரும் பழகவில்லையா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். குளுவாங்கில் இல்லை. ஆனால் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்துக்காக 45 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஜப்பானுக்கு அனுப்பினார். ‘டோக்கியோ பையன்கள்’ என்பார்கள். அதில் ஒரு சிலர் அங்கே விமானப்படைப் பயிற்சியில் சேர்ந்தார்கள். அவர்கள் பழகி முடிப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது.

சண்டைக்குப் பிறகான திடலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1960-களில் பிரிட்டிஷ் தரைப்படையின் சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இங்கே இருந்தன. இப்போது மலேசியத் தரைப்படையின் விமானப் பிரிவு. முகாமுக்குள் நம்மை விடமாட்டார்கள், அதனால் ஊரிலிருந்து வந்து ‘திடலைக் காட்டுங்கள்’ என்று கேட்பவர்களை நான் ரயில் ஸ்டேஷன் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போய் ரொட்டி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். 1938-லிருந்து இருக்கும் கடை. அந்த நியூசிலாந்துப் பையன்கள் வந்த காலத்திலும் அது அங்கேதான் இருந்தது. மலாயில் கெலுவாங் என்றால் பழந்தின்னி வௌவால். பறக்கும் பிராணியின் பெயர் வைத்த ஊர் என்று தெரிந்துதான் இங்கே விமானம் பழக வந்தார்களா என்று என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அவனுக்கு அன்று முழு மார்க் போட்டேன்.

கடைசியாக, விமானத்துடையதாக இருக்குமோ என்று நீங்கள் படம் எடுத்து அனுப்பிய தகரத்தைப் பற்றி. எங்கள் பெரியப்பா வீட்டுக் கோழிக்கூட்டுக் கதவும் அதே மாதிரிதான்: துருப் பிடிக்காத வெள்ளைத் தகடு, விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்றாக ஆணித் துளைகள். ‘ஏரோப்பிளேன் தகரம்’ என்று பெரியப்பா சத்தியம் செய்வார். பழைய பஸ்ஸின் பக்கத் தகடும் அதே அலுமினியத்தில், அதே வரிசையில்தான் ஆணி அடித்திருக்கும். உங்களுடையதைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தில் மங்கலான பச்சைப் பூச்சும் முத்திரை எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். எண் தெளிவாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் ஒரு அடிக்கோலும் வையுங்கள்.